அன்னத்தோடு அமையுமோ அறம்?

விழா மலர்களிற் கல்லூரியின் பழம்பெருமை பேசுதல் மரபு. அதிபர்களையும் ஆசிரியர்களையும் நினைந்து எழுதுதற்கு எம்மினும் வல்லார் பலர் இருத்தலின், அப்பணியை அவர்பால் விடுத்து யாம் வேறொரு பொருளை எடுத்துக்கொண்டோம். இல்லாதார்க்கு ஈதல் கடன் என்பது கல்லூரி எமக்குக் கற்பித்த பாடங்களுள் ஒன்று. அக்கடனை நாம் இறுத்துவரும் முறையிற் குறையொன்று உளது. அதனைக் கூறுவதே எம் எண்ணம். பிறர்மேற் குற்றஞ் சாட்ட யாம் முன்வரவில்லை. அக்குறையில் எமக்கும் பங்குண்டு.

மாத்தளை மாவட்டத்தில் வாழும் நம்மவர்க்கு நல்ல வழக்கமொன்று இருக்கிறது. தாய் தந்தையரின் திதியன்றோ, பிள்ளையின் பிறந்த நாளன்றோ, உளவளர்ச்சி குன்றியோர் வாழும் இல்லமொன்றுக்கு மதிய போசனம் கொடுப்போம். சோறும் பருப்பும் மரக்கறியும் பாயசமும் வாகனத்தில் ஏறும். இல்லத்தவர் கைகூப்பி வரவேற்பர். நாமே நின்று பரிமாறுவோம், நிழற்படம் எடுப்போம், பொழுது சாயுமுன் வீடு திரும்புவோம். முத்துமாரியம்மன் கோவிலின் மாசி மகத் தேர்க்காலத்தில் இவ்வழக்கம் மேலும் பெருகும். இதனைக் குறைகூறுவார் எவருமிலர், யாமும் குறைகூறோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் யாமும் நண்பர் சிலரும் அவ்வாறு ஓரில்லத்துக்குச் சென்றிருந்தோம். தட்டுகள் வரிசையாக வைக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றின் விளிம்பில் மட்டும் சிவப்பு மை தீட்டப்பட்டிருந்தது. முப்பது வயது மதிக்கத்தக்க இளைஞர் ஒருவர் அத்தட்டை எடுத்துக்கொண்டு, எவரும் சொல்லாமலே, தூணருகிற் போய்த் தனியே அமர்ந்தார். பரிமாறிய எம்மைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார். காரணம் வினவினோம். இல்லத்தைப் பராமரித்த அம்மையார், “ஐயா, இந்தப் பிள்ளைக்கு முன்னொருக்கால் செங்கமாரி வந்தது. மற்றப் பிள்ளைகளுக்கும் தொற்றிவிடும் என்ற பயத்தில் வேறு தட்டு வைத்திருக்கிறோம்” என்றார். எந்த வகைச் செங்கமாரி என்று கேட்டோம். அவருக்குத் தெரியவில்லை. இரத்தப் பரிசோதனை செய்த பத்திரம் எதுவும் இல்லத்தில் இருக்கவில்லை.

உண்டு முடித்துக் கொல்லைப்புறம் வந்தபோது, ஆடவர் அனைவரையும் வாங்கொன்றில் வரிசையாக இருத்தி ஒருவர் முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். பத்துப் பன்னிருவருக்கு அலகு ஒன்றே. சிவப்புத் தட்டுக்குரிய இளைஞரும் அவ்வரிசையில் இருந்தார். சவரம் செய்தவரிடத்து அன்புக்குக் குறைவில்லை. பாட்டுப் பாடி, கன்னத்தைத் தட்டிக்கொடுத்தே செய்தார். யாமும் அதனைப் பார்த்து மகிழ்ந்தோமேயன்றி ஒன்றும் சொல்லவில்லை. வீடு திரும்பி, வைத்திய நண்பர் ஒருவரோடு உரையாடியபோதுதான், பிரிக்க வேண்டாத தட்டைப் பிரித்தும், பிரிக்க வேண்டிய அலகைப் பொதுவாக்கியும் வைத்த விந்தை எமக்கு விளங்கியது.

செங்கமாரி என்றும் மஞ்சட் காமாலை என்றும் நாம் கூறுவது ஒரு நோயின் பெயரன்று. அது பல நோய்களின் குறி. ஈரல் பழுதுற்றுப் பித்தநிறம் இரத்தத்திலே தேங்குதலாற் கண்ணும் தோலும் மஞ்சளாகின்றன. ஈரலுக்கு அழற்சி விளைக்கும் வைரசுகளுள் ஏ, பீ, சீ, டீ, ஈ என ஐந்து பெயர்பெற்றவை. ஏயும் ஈயும் மலத்தால் மாசுற்ற நீர், உணவு, கழுவாத கை ஆகியவற்றின் வழியாக வாயினுட் புகுவன. 1955-56 ஆம் ஆண்டுகளில் டில்லி மாநகரின் குடிநீரிற் கழிவுநீர் கலந்தமையால் ஏறத்தாழ 29,000 பேர் செங்கமாரியுற்றனர். அது ஈ வகையென்பது பல ஆண்டுகளின் பின்னரே துணியப்பட்டது. நம் மாகாணத்துக் கம்பளையில் 2007 ஆம் ஆண்டிற் பரவியது ஏ வகை. ஏ வகை ஓரிரு மாதங்களில் நீங்கிவிடும்; நீங்கியபின் அவரால் எவருக்கும் தொற்றாது; அவருக்கும் மீண்டும் வராது.

பீயும் சீயும் வேறு இயல்பின. இவை இரத்தத்தின் வழிச் செல்வன. பீ ஏனைய உடல் நீர்களின் வழியும் செல்லும். தாயிடமிருந்து பிறக்கும் குழந்தைக்கும், கூடாவொழுக்கத்தால் மட்டுமன்றி மணவுறவாலும், தூய்மையற்ற ஊசியாலும், பொதுச் சவர அலகாலும், பற்றூரிகையாலும் தொற்றும். பீ வைரசு உடலுக்கு வெளியே ஏழு நாள் வரையிலும் வீரியம் குன்றாதிருக்க வல்லது. ஆதலின் காய்ந்த இரத்தமும் அஞ்சத்தக்கதே. ஆயின் ஒரே பந்தியில் உண்பதாலும், ஒரே தட்டைக் கழுவிப் பயன்படுத்துவதாலும், கைகோத்து நடப்பதாலும் அது பரவுவதில்லை. அந்த இளைஞருக்கு வந்தது ஏ வகையாயின் நோய் நீங்கியபின் தனித்தட்டு வேண்டியதில்லை. பீ வகையாயின் எக்காலத்தும் வேண்டியதில்லை. எவ்வாறு நோக்கினும் சிவப்பு மை அவரைப் புண்படுத்தியதன்றி வேறு பயன் தரவில்லை.

பீ வகையிற் பெருந்தீங்கு யாதெனின், அது பலரிடம் குறியேதும் காட்டாது ஆண்டுக்கணக்கில் உறைந்திருத்தலாம். வளர்ந்தோருக்குத் தொற்றினால் நூற்றுக்கு ஐவருக்கும் குறைவானோரிடமே அது நிலைக்கும். பிறக்கும்போது தொற்றிய குழந்தைகளுள் நூற்றுக்குத் தொண்ணூறு பேரிடம் நிலைக்கும். நிலைத்தாருட் சிலருக்கு முப்பது நாற்பது ஆண்டுகளின் பின்னர் ஈரற் சுருக்கமோ புற்றோ தோன்றும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2022 ஆம் ஆண்டில் 25 கோடியே 40 இலட்சம் மக்கள் இவ்வைரசோடு வாழ்ந்தனர்; அவ்வொரே ஆண்டில் ஏறத்தாழ 11 இலட்சம் பேர் இதனால் இறந்தனர்.

இனி, உளவளர்ச்சி குன்றியோர் வாழும் இல்லங்களை ஏன் தனித்துப் பேசுகிறோம் என்பதற்குக் காரணம் கூறுவாம். மருத்துவ வரலாற்றில் இந்நோயை நமக்கு அறிவித்தவர்களே அவர்கள்தாம். அமெரிக்க விஞ்ஞானி பரூக் புளூம்பேர்க், அவுஸ்திரேலிய ஆதிக்குடியினர் ஒருவரின் குருதியிற் புதிய பொருளொன்றைக் கண்டு 1965 ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டார். அது யாதென அவருக்கே அப்போது தெரியாது. டவுண் சிண்ட்றோம் உடையோரிடம் தேடியபோது, பெரிய நிறுவனங்களில் வாழ்ந்தோருள் நூற்றுக்கு முப்பது பேர் வரையில் அப்பொருள் காணப்பட்டது. சிறிய நிறுவனங்களில் வாழ்ந்தோரிடம் அது குறைந்தது. அக்குறையோடு பிறந்த சிசுக்களிடம் காணப்படவேயில்லை. பிறப்பினால் வந்ததன்று, வாழிடத்தினால் வந்தது என்பது இதனால் தெளிவாயிற்று. முதலிற் குருதியில் அப்பொருள் இல்லாதிருந்த ஒருவரிடம் பின்னர் அது தோன்றி, உடனே ஈரல் அழற்சியும் கண்டபோது, இரண்டிற்கும் உள்ள தொடர்பு வெளிப்பட்டது. பீ வைரசின் மேலுறையே அப்பொருள். அந்த ஒருவரும் நிறுவனத்தில் வாழ்ந்த உளவளர்ச்சி குன்றியவரே. புளூம்பேர்க் 1976 இல் நோபல் பரிசு பெற்றார். அவர் பிறந்த யூலை 28 ஆம் திகதியையே உலகம் ஈரல் அழற்சி நாளாகக் கொள்கின்றது.

அவர் கண்டதிலுள்ள பாடத்தை மீண்டும் எண்ணிப் பார்ப்போமாக. இல்லம் பெரிதாகப் பெரிதாக நோய் பெருகிற்று. கட்டில்கள் நெருங்கியிருத்தல், மலசலகூடம் போதாமை, துவாயும் தூரிகையும் பொதுவாதல், ஒருவரையொருவர் கடித்தலும் கீறுதலும், பராமரிப்போர் கைகள் போதாமை ஆகிய யாவும் நெருக்கத்தின் விளைவுகள். தம் நோவைச் சொல்லத் தெரியாதோர் சோர்ந்து கிடப்பின், அதனை இயல்பென்றே எண்ணிவிடுதலும் உண்டு. டவுண் சிண்ட்றோம் உடையோரிடம் பீ வைரசு நிலைத்துவிடும் வாய்ப்பு ஏனையோரினும் மிகுதி என்பதும் அறியப்பட்டதே. எனவே குறை அவர்தம் அறிவில் இல்லை. நாம் அவரை வைத்திருக்கும் முறையில் இருக்கிறது.

இவ்வரலாற்றிற்கு இருண்ட பக்கமொன்றும் உண்டு. நியூயோர்க் மாநிலத்தின் ஸ்ரற்றன் தீவில் வில்லோபுறுக் என்னும் அரச நிறுவனம் இருந்தது. ஏறத்தாழ 4,000 பேருக்கென அமைந்த இடத்தில் 1960 களில் 6,000 பேருக்கு மேல் நெருக்கி வைக்கப்பட்டிருந்தனர். அங்கே ஈரல் அழற்சி ஓயாது பரவியது. சோல் குறுக்மன் என்னும் வைத்தியர் 1956 முதல் ஆய்வு நடத்தினார். புதிதாகச் சேர்ந்த உளவளர்ச்சி குன்றிய சிறுவர்க்கு வேண்டுமென்றே அவ்வைரசு கொடுக்கப்பட்டது. எவ்வாறாயினும் அவர்க்கு நோய் வரத்தான் போகின்றது, தனி அறையில் வைத்துக் கவனிப்பது நன்றல்லவா என்பது அவர் கூறிய நியாயம். பெற்றோரின் ஒப்பம் பெறப்பட்டது மெய். ஆனால் இடமில்லையெனப் பொது அனுமதி மூடப்பட்டிருந்த காலத்திலும் ஆய்வுப் பிரிவில் மட்டும் இடமிருந்தது. பிள்ளையை வைத்து வளர்க்க வழியற்ற தாய் அவ்வேளையில் இட்ட ஒப்பத்தை ஒப்பம் என்று எவ்வாறு கூறுவது?

அவ்வாய்வாற் பயன் விளையவில்லை என்பார் எவருமிலர். ஈரல் அழற்சி இரு வகைத்து என்பது 1967 இல் அங்கே உறுதியாயிற்று. நோயுற்றார் குருதிநீரைக் கொதிக்கவைத்து ஊசியேற்றினால் பீ வகையைத் தடுக்கலாம் என்பதும் 1971 இல் அங்கே காட்டப்பட்டது. ஆயினும் 1966 இல் ஹென்றி பீச்சர் என்னும் வைத்தியப் பேராசிரியர், ஒழுக்கநெறி பிறழ்ந்த ஆய்வுகளுள் ஒன்றாக இதனையும் எடுத்துக்காட்டினார். குறுக்மனுக்காக வாதாடியோரும் இருந்தனர். எமக்குத் தோன்றும் விடை எளிது. நோய் வரத்தான் போகின்றது என்று கண்டவுடன் செய்யத்தக்கது நோய் வரும் வழியை அடைத்தல், அவ்வழியை ஆய்வுச்சாலையாக்குதலன்று. 1972 இல் அந்நிறுவனத்தின் நிலையைத் தொலைக்காட்சி வாயிலாக நாடு கண்டது. பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். 1987 இல் அது மூடப்பட்டது.

வெளியேறிய சிறுவர் நகரப் பள்ளிகளுக்குச் சென்றபோது புதிய தடை எழுந்தது. அவர்களுட் சிலரின் குருதியிற் பீ வைரசு இருந்ததென்று, அவர்களை ஏனைய மாணவரிலிருந்து பிரிக்கக் கல்விச் சபை முற்பட்டது. வழக்கு மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை சென்றது. வகுப்பறையில் நோய் பரவும் என்பதற்குச் சபை தக்க சான்று காட்டவில்லையென்றும், அவர்களைப் பிரித்தல் சட்டத்துக்கு மாறான பாகுபாடு என்றும் 1979 இல் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிறுவனத்தின் நெருக்கத்தால் வந்த நோயைக் காட்டி, அதே சிறுவரை மீண்டும் ஒதுக்கிவைக்க முயன்ற கொடுமையை என்னென்பது! தூணருகே தனித்தமர்ந்த எம்மூர் இளைஞரை அப்போது நினையாதிருக்க எம்மால் இயலவில்லை.

அக்குருதியாலும் அக்கண்ணீராலும் உலகம் பெற்ற பேறு பீ வகைத் தடுப்பூசி. 1981 இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. இலங்கையில் 2003 ஆம் ஆண்டு முதல் தேசிய நோய்த்தடுப்புத் திட்டத்தில் அது படிப்படியாகச் சேர்க்கப்பட்டது. இன்று இரண்டாம், நான்காம், ஆறாம் மாதங்களிற் குழந்தைகளுக்குக் கட்டணமின்றிக் கிடைக்கின்றது. தோட்டத்து லயத்திற் பிறந்த குழந்தைக்கும் நகரத்து மாளிகையிற் பிறந்த குழந்தைக்கும் ஒரே ஊசி. குடும்ப நல உத்தியோகத்தர் வீடு வீடாகச் சென்று செய்யும் தொண்டின் பெருமை இது. ஆயின் அதற்கு முன்னர் பிறந்தோருட் பெரும்பாலோர் குழந்தைப் பருவத்தில் அதனைப் பெற்றிலர். இல்லங்களில் வாழும் வளர்ந்தோர் பெரும்பாலும் அத்தலைமுறையினர். எவரின் குருதியைக் கொண்டு தடுப்பூசி காணப்பட்டதோ, அவர் இனத்தார்க்கே அது கடைசியிற் கிட்டுமாயின் நன்றிமறத்தல் என்பது அதுவே.

இதற்கு மூன்று மறுப்புகள் எழக்கூடும். எம் நண்பர்களே அவற்றை எழுப்பினர்.

முதலாவது, இலங்கை பீ வகை குறைந்த நாடன்றோ என்பது. மெய்தான். குறைவென்பது நாடு முழுவதற்கும் பொதுவாகக் கூறும் கணக்கு. நாற்பது பேர் நெருங்கி வாழும் ஓரில்லத்திற் குருதியில் வைரசுடையோர் ஒருவரும், அலகு ஒன்றும் இருந்தாற் போதும். நாட்டின் கணக்கு அங்கே உதவாது. நோய் குறைந்திருக்குங் காலமே அதனைத் தடுத்தற்கு ஏற்ற காலமுமாம்.

இரண்டாவது, உணவுக்கே இடர்ப்படும் இல்லங்களில் ஊசியைப் பற்றிப் பேசலாமோ என்பது. உணவு கொடுக்கும் நாமே ஊசியையும் கொடுக்கலாம் என்பது எம் விடை. போசனம் ஒரு வேளைக்குரியது. மூன்று முறை ஏற்றும் ஊசி பெரும்பாலோரை வாழ்நாள் முழுவதும் காக்கும்.

மூன்றாவது, செங்கமாரிக்குக் கீழ்க்காய்நெல்லி இருக்க வேறு எதற்கு என்பது. நம் முன்னோரின் மருந்தை யாம் இகழோம். 1988 இற் சென்னை ஆய்வாளர், புளூம்பேர்க்கையும் உடன்கொண்டு, அம்மூலிகை பலரின் குருதியிலிருந்து பீ வைரசின் அடையாளத்தை நீக்கியதாக வெளியிட்டனர். பின்னர் பிற இடங்களிற் செய்த சோதனைகளில் அப்பயன் உறுதிப்படவில்லை. வந்த நோயை நீக்குமோ என்பதே ஐயமாயிருக்க, வராமற் காக்கும் வழியைக் கைவிடுதல் அறிவுடைமையாகாது.

இவற்றினும் கனமான அச்சமொன்று உண்டு. அதனை எவரும் எம்மிடம் கூறவில்லை, யாமே உணர்ந்தோம். இல்லத்தவர் குருதியைச் சோதித்து, இன்னாருக்கு வைரசு உளதெனப் பெயர்ப்பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டினால், சிவப்புத் தட்டு ஒன்றுக்குப் பதிலாக ஐந்து தோன்றும். சோதனை வேண்டும், வைரசுடையோரை மாத்தளை மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு அனுப்பி ஈரலைக் கண்காணிக்கவும், வேண்டுவோர்க்கு வைரசை அடக்கும் மாத்திரை கொடுக்கவும், சீ வகையாயின் சில மாத மாத்திரையால் முற்றாகக் குணப்படுத்தவும் சோதனை வேண்டும். ஆனால் அதன் முடிவு வைத்தியருக்கும், அவருக்கும், அவரைப் பொறுப்பேற்றவருக்கும் உரியது, சமையலறைக்கு உரியதன்று. அலகும் தூரிகையும் எல்லார்க்கும் தனித்தனியே இருக்குமாயின், எவரிடம் வைரசு உளதென்று மற்றையோர் அறியவேண்டிய தேவையே இல்லை. ஊசி ஏற்றுமுன் அவருக்கு விளங்கும் சொல்லிலும் சைகையிலும் எடுத்துரைத்து இசைவு பெறுதலும் வேண்டும். அது வில்லோபுறுக் நமக்கு விட்டுச்சென்ற எச்சரிக்கை.

1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் வலதுகுறைந்தோரின் உரிமைகளைக் காக்க நம் நாட்டில் இயற்றப்பட்டது. அவர்தம் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகளின் சமவாயத்தையும் இலங்கை 2016 இல் ஏற்று உறுதிசெய்தது. ஏனையோர் பெறும் அதே தரமான சுகாதார சேவையை அவர்களும் பெறவேண்டும் என்பது அச்சமவாயத்தின் கூற்று. சட்டம் இருக்கிறது, ஊசி இருக்கிறது, வைத்தியசாலை இருக்கிறது. இவற்றை அவ்வில்லத்து வாயில் வரை கொண்டுசேர்ப்பாரே வேண்டும்.

ஆதலின் பழைய மாணவர் சங்கத்தார்க்கு யாம் விண்ணப்பித்துக்கொள்வது இது. பீ வகைத் தடுப்பூசி மூன்று முறை ஏற்றப்படுவது: முதலில் ஒன்று, ஒரு மாதத்தின் பின் ஒன்று, ஆறாம் மாதத்தில் ஒன்று. விழா ஆண்டில் நாம் ஓரில்லத்தைத் தேர்ந்து, மூன்று அன்னதானங்களை அம்மூன்று நாள்களிலும் அமைத்துக்கொள்வோம். பிரதேச சுகாதார வைத்திய அதிகாரியை முன்னரே கண்டு, அவர் காட்டும் வழியில் ஊசிக்கு ஒழுங்குசெய்வோம். இல்லத்தில் வாழ்வோர்க்கு மட்டுமன்றிப் பராமரிப்போர்க்கும் சமையற்காரர்க்கும் அது வேண்டும். பாயசத்தோடு ஆளுக்கொரு சவரக் கருவியும், பற்றூரிகையும், பெயரெழுதிய பெட்டியும், சவர்க்காரமும் எடுத்துச் செல்வோம். கிணற்றையும் மலசலகூடத்தையும் பார்த்துத் தருமாறு பொதுச் சுகாதாரப் பரிசோதகரை வேண்டுவோம். நம்மிடையே வைத்தியர், பொறியியலாளர், வர்த்தகர், ஆசிரியர் யாவரும் உளர். ஒருவர்க்கொரு பணி வாய்க்கும். இன்று கல்லூரியிற் பயிலும் மாணவர் உடன்வந்து, கைகழுவும் முறையை அவர்களோடு சேர்ந்து விளையாட்டாகப் பழகலாம். பெரிய இல்லங்களைச் சிறிதாக்கி, இயன்றோரைக் குடும்பத்தோடும் ஊரோடும் வாழவைத்தல் நெடுநாட் பணி, அதனை மறவாதிருப்போம். ஆனால் அது வரும்வரை அலகு காத்திராது.

யாம் கண்ட அந்த இளைஞரை மீண்டும் காணச் சென்றோம். வைத்திய நண்பரையும் அழைத்துச் சென்று, அந்த அம்மையாரிடம் இவற்றை விளக்கினோம். அவர் சினக்கவில்லை, “இதை இத்தனை நாளும் எங்களுக்கு யாரும் சொல்லவில்லையே, ஐயா” என்று மட்டும் கூறினார். எத்தனையோ முறை அங்கே சோறு கொண்டுசென்ற எமக்கு அச்சொல் சுட்டது. தட்டின் சிவப்பு மையை அவரே சாம்பலிட்டுத் தேய்த்தார், முழுதும் அழியவில்லை. அன்று அத்தட்டில் யாம் உண்டோம். இளைஞர் எம்மருகில் அமர்ந்து, வேறொரு தட்டில் உண்டார்.

பசித்தார்க்குச் சோறிடுதல் பேரறம். அச்சோற்றை அவர் எவரோடு அமர்ந்து, எத்தனை ஆண்டு நலத்தோடிருந்து உண்பார் என்று கேட்டலும் அவ்வறத்தின் பகுதியே. இக்கேள்வியை விழா ஆண்டில் நம் கல்லூரி கேட்குமாயின், அதனினும் சிறந்த விழா வேறில்லை.